மூன்றாம் ஓலை

"உங்களுக்கு மன்னிக்கவும் தெரியல, மன்னிப்புக் கேக்கவும் தெரியல. பூசைக்கு மட்டும் முதல் மணிக்கே வந்து முன் பெஞ்சுல உக்காந்துருவீங்க."

இது என் மகள் எனக்குச் சொன்னது. பெற்ற மகள். இப்போதுதான், இதே இடத்தில், அவள் அப்பா கல்லறைக்கு முன்னால் நின்று சொன்னாள். ஊரே மாலையும் மெழுகுவத்தியுமாக நிற்கிற கல்லறைத் திருநாள் அன்றைக்கு. சொல்லிவிட்டு மெழுகுவத்திப் பொட்டலத்தை என் மடியில் போட்டுவிட்டு, பூசை நடக்கிற பீடத்துப் பக்கம் போய்விட்டாள். நீங்கள் வரும்போது காதில் விழுந்திருக்கும். விழாமல் இருக்காது, அவளுக்கு என் தொண்டை.

உட்காருங்கள், உட்காருங்கள். பின் வரிசைதானே உங்களுக்கு? திரும்பி முகம் பார்த்துப் பேசவில்லை என்று தப்பாக நினைக்காதீர்கள். கடற்காற்று என்னமாய் அடிக்கிறது பாருங்கள். என் முதுகுதான் இதற்கு மறைப்பு. கொஞ்சம் அசைந்தாலும் ஏற்றியதெல்லாம் போய்விடும். பூசை முடிந்து சாமியார் தீர்த்தத்தோடு ஒவ்வொரு வரிசையாக மந்திரித்துக்கொண்டு வரும்போது என் வீட்டுக்காரர் கல்லறையில் மட்டும் வெறும் திரி நின்றால், அதற்கும் நாலு பேர் வாய்க்குள் சிரிப்பார்கள். இந்த மெழுகுவத்தியைச் செய்தவன் கையில் கிடைத்தால் தெரியும் சேதி. திரியா இது? நூல்.

பூசை நேரத்தில் பேசக்கூடாதுதான். எனக்குத் தெரியாதா? கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள் நான். ஆனால் அந்த மைக்கைக் கேளுங்கள். சாமியார் சொல்வதில் பாதி கடலுக்குப் போகிறது, மீதி கொர்ரென்கிறது. நமக்குக் கேட்டால்தானே நாம் வாயை மூட வேண்டும்.

எனக்கு மன்னிக்கத் தெரியவில்லையாம். கேட்டீர்களா?

சின்னப் பிள்ளையில் எங்களுக்கு ஞானோபதேசம் எடுத்தது சிஸ்டர் எவாஞ்சலின். கையில் மர ஸ்கேல். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு என்னென்ன வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்க வேண்டும். ஆத்தும சோதனை. மனஸ்தாபம். இனிமேல் செய்யேன் என்கிற பிரதிக்கினை. குருவிடம் வாய்விட்டுச் சொல்வது. அவர் கொடுக்கிற அபராதத்தைத் தீர்ப்பது. பாருங்கள், இன்றைக்கும் தடுமாறாமல் வருகிறது. "மனஸ்தாபம் இல்லாதவனை ஆண்டவரே மன்னிக்கிறதில்ல" என்பார் சிஸ்டர். அதோடு விடமாட்டார். "பொத்தாம்பொதுவா பாவி பாவின்னு அழக் கூடாது. என்ன பாவம்? பேர் சொல்லணும். பேர் சொல்லாட்டி அது பாவசங்கீர்த்தனம் இல்ல, ஒப்பாரி." ஒருத்தி பேர் சொல்லத் தயங்கினால் முட்டியில் ஸ்கேல் விழும்.

நான் அந்தக் கணக்கில் நிற்கிறவள். ஆண்டவர் கேட்கிறதைத்தான் நானும் கேட்டேன். கூடுதலாக என்ன கேட்டுவிட்டேன்?

இன்னாசியம்மாள் மதினி என்று ஒருவர். என் வீட்டுக்காரருடைய அக்கா. கட்டிக்கொடுத்த கொஞ்ச நாளிலேயே புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, எங்களுக்கு அடுத்த தெருவில் வந்து இருந்துவிட்டார். பிள்ளை இல்லை. என் மகள் பிளேவியாவுக்கு ஞானத்தாய் அவர்தான், ஞானஸ்நானத்தில் தலையில் தண்ணீர் ஊற்றும்போது ஏந்தியது அவர் கை. அதிலிருந்து என் மகள் பாதி அவர் மகள். ஓயாத பல்வலிக்காரர். கடைவாயில் எப்போதும் ஒரு கிராம்பு கிடக்கும். ஆள் வாசலுக்கு வருவதற்கு முன்னால் கிராம்பு வாசம் உள்ளே வந்துவிடும். பிடுங்கித் தொலையுங்கள் என்றால், "இருக்கட்டும் மார்சலின், அதுவும் ஒரு துணை" என்பார். பல்வலி துணையாம்.

போய்விட்டார். போன தவக்காலத்தில். இங்கேதான் அடக்கம். தம்பிக்குப் பின்னால் இடம் காலியாக இருக்கிறது என்று கல்லறைக் கமிட்டியில் கொடுத்துவிட்டார்கள். வேறு பக்கம் கிடைக்குமா என்று நான் கேட்டுப் பார்த்தேன், இல்லை என்றார்கள். நீல ஓடு பதித்ததாம். பிளேவியா பதித்தது. நான் இன்னும் பார்க்கவில்லை. உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். நீங்கள் அதன் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தாலும் இருப்பீர்கள். பரவாயில்லை, உட்காருங்கள், அவர் ஒன்றும் சொல்லமாட்டார். எதையும் சொல்லாமல் இருப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. சொல்லக் கூடாத ஒன்றை மட்டும்தான் சொன்னார்.

கேளுங்கள். பிளேவியாவுக்கு ஒரு வரன் வந்தது. தனிஸ்லாஸ் என்று பையன், துறைமுகத்தில் நல்ல வேலை, கோயில் பாடகர் குழுவில் பாடுவான், வாயில் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. பார்த்தார்கள், பிடித்துப்போயிற்று. இரண்டு பேரும் சேர்ந்து நின்றால் திருக்குடும்பப் படம் மாதிரி இருக்கும். அந்த மாதிரி மாப்பிள்ளையைக் கண்டுபிடிக்க நான் எத்தனை வீட்டுப் படி ஏறியிருப்பேன் என்று எனக்குத்தான் தெரியும்.

பிளேவியாவுக்குச் சின்னதிலிருந்து கொஞ்சம் வலிப்பு உண்டு. கொஞ்சம்தான். அதற்கு ஒரு மாத்திரை, தினமும் போட வேண்டும். போட்டால் ஒன்றும் இல்லை. விட்டால்தான் எப்போதாவது வரும். இதைப் போய்த் தட்டில் வைத்தா கொடுப்பார்கள்? நான் பொய் சொல்லவில்லை, அதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பையனுடைய அம்மா கேட்டார், "பிள்ளைக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று. "நல்லா சாப்பிடுவா" என்றேன். உண்மைதானே? நன்றாகத்தான் சாப்பிடுவாள். மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவில் மாற்றி, அவள் கொண்டுபோகிற பெட்டியில் பட்டுப் புடவைக்கு அடியில் வைத்துக் கொடுத்தேன். யாராவது பார்த்தாலும் வைட்டமின் என்று நினைப்பார்கள். அந்த அளவுக்கு யோசித்துச் செய்தேன். ஒரு தாய் வேறு என்ன செய்வாள்?

இவள் அப்போதே சிணுங்கினாள். "அம்மா, அவர்கிட்ட சொல்லிருவோம்மா. பயமா இருக்கு."

"தாலி ஏறட்டும். பொறவு நீயே பக்குவமா சொல்லிக்கோ" என்றேன்.

"காலம் பூரா ஒளிச்சு ஒளிச்சு முழுங்கணுமா?"

"ஊர்ல எல்லாரும் எதையாவது ஒளிச்சுத்தான் முழுங்குறாங்க. உனக்கென்ன வந்துச்சு? போய் முகத்தைக் கழுவு."

இரண்டு ஓலையும் வாசித்தாயிற்று. உங்கள் பங்கிலும் இதே வழக்கம்தானே? கல்யாணத்துக்கு முன்னால் அடுத்தடுத்த மூன்று ஞாயிறு, பூசை முடிவில் சாமியார் வாசிப்பார். இன்னார் மகனும் இன்னார் மகளும் மெய்விவாகம் செய்யப்போகிறார்கள், இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று. யாராவது போய்ச் சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா நீங்கள்? நான் பார்த்ததில்லை. அது ஒரு வாசகம், வாசிப்பார்கள், நாம் எழுந்து புடவைக் கொசுவத்தைச் சரி செய்துகொள்வோம்.

மூன்றாவது ஞாயிறு. அதற்கு முந்தின நாள் பங்குச் சாமியார் என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். நான் முறுக்குச் சுற்றுகிற வேலையில் இருந்தேன், பூசைக்குப் பிறகு பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். புதுப் பட்டு உடுத்தி முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். சாமியார் ஓலையை எடுத்தார். ஒரு பையன் பெயர், ஒரு பெண் பெயர். அப்புறம் இன்னொரு ஜோடி. அப்புறம் கண்ணாடியைக் கழற்றினார்.

அவ்வளவுதான். பிளேவியா பேர் வராமலே கழற்றிவிட்டார்.

கோயிலில் ஒரு சத்தம் வந்தது பாருங்கள், சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, எல்லாரும் ஒரே நேரத்தில் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிற சத்தம். அது என் முதுகில் விழுந்தது. இன்றைக்கும் அந்த இடம் ஆறவில்லை.

சாமியார் பங்களாவுக்குப் போனோம், நானும் இவளும் இவள் அப்பாவும். அந்தச் சாமியார் வயதானவர், நல்லவர்தான். "பையனுக்கு வியாதியப் பத்தி ஒண்ணும் இல்லம்மா" என்றார். "மறைச்சதுதான் அவனுக்கு மனசு கேக்கல. நீங்க ஒரு எட்டுப் போய், மறைச்சது தப்பு, மன்னிச்சிருங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்ங்கான். அடுத்த ஞாயிறு மூணாம் ஓலைய நானே வாசிச்சிருதேன்."

"எதுக்கு?" என்றேன்.

"எதுக்குன்னா?"

"எதுக்கு சாமி மன்னிப்பு? நான் என்ன கொலையா பண்ணுனேன்? பொண்ணைப் பெத்தவ செய்யுறதச் செஞ்சேன். அவன் வீட்டுப் படியேறி நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?"

என் வீட்டுக்காரர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். எந்த விஷயத்துக்கும் அவர் செருப்பிடம்தான் ஆலோசனை கேட்பார். இவள், "நான் போறேன்மா, நானே சொல்லிருதேன்" என்று கிளம்பினாள். "இந்தப் படிய விட்டு இறங்குன, என்னை உயிரோட பார்க்கமாட்ட" என்றேன். ஒரு பேச்சுக்குத்தான். பேச்சுக்குச் சொல்வதையெல்லாம் அப்படியே பிடித்துக்கொள்கிற பிள்ளை அவள், இறங்கவில்லை. பையன் கொஞ்ச நாள் காத்திருந்தான் என்றார்கள். அப்புறம் வேறு இடத்தில் கட்டிக்கொண்டான். எல்லாம் சாக்கு. மன்னிப்பு கேட்டிருந்தால் மட்டும் கட்டியிருப்பானா? நீங்களே சொல்லுங்கள்.

இருங்கள், அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்ற மணி அடிக்கிறது.

சேசுவே, இரக்கமாயிரும்.

சரி. யார் சொன்னது என்று சாமியார் வாய் திறக்கவில்லை. ஆனால் அந்த வாரத்தில் மதினி பங்களாப் படியேறியதைப் பூ விற்கிறவள் பார்த்திருந்தாள். நேரே அவர் வீட்டுக்குப் போனேன். மதினி முற்றத்தில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நீங்கதானா?"

"ஆமா மார்சலின். நான்தான் சொன்னேன்." மறைக்கவில்லை, அழவில்லை. கையைக் கழுவிவிட்டு எழுந்து நின்றார்.

"ஏன்?"

முந்தானையில் ஈரக் கையைத் துடைத்தார்.

"ஞானத்தாயா நீங்க? அவ வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டு நிக்கீங்களே! தப்புன்னு ஒத்துக்கிடுங்க. ஒத்துக்கிட்டா ஆண்டவருக்காக மன்னிச்சுத் தொலைக்கிறேன்."

"சொன்னது தப்பில்ல மார்சலின். உனக்கு இவ்வளவு வலிக்கே, அதுக்கு நான் வருத்தப்படுதேன். ஒரு வார்த்தை மட்டும் போய்க் கேட்டுட்டு வா. நானும் கூட வாரேன். வாசல்ல நின்னுக்கிடுதேன்."

இது மனஸ்தாபமா? சிஸ்டர் எவாஞ்சலினிடம் இப்படிச் சொல்லியிருந்தால் முட்டி பெயர்ந்திருக்கும். வலிக்கிறதற்கு வருத்தமாம், செய்ததற்கு இல்லையாம். அன்றோடு பேச்சை அறுத்தேன்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? அடுத்த ஞாயிறு என் பின் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். பரலோக மந்திரம் முடிந்து, ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுங்கள் என்று சாமியார் சொல்வார் இல்லையா, எல்லாரும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பின்பக்கம் திரும்பிக் கையைக் கூப்புவோமே, அந்த நேரத்தில் எனக்குப் பின்னால் கிராம்பு வாசம். எனக்குத் தெரிந்துபோயிற்று. இடப்பக்கம் கும்பிட்டேன், வலப்பக்கம் கும்பிட்டேன், நேரே பார்த்து நின்றுகொண்டேன். நான் பெஞ்சு மாறினேன். அவரும் மாறினார். ஆண்கள் பக்கத்து ஓரத்துக்குப் போனேன், அங்கேயும் பின்னால் கிராம்பு. வருஷக்கணக்காக இப்படி. இவள் வீட்டில் வந்து சொல்வாள், "அத்தை உங்க கொண்டையப் பார்த்துக் கையக் கூப்பிக்கிட்டே நிக்காங்கம்மா, மத்தவங்கல்லாம் உக்காந்த பொறவும் நிக்காங்க" என்று. "நிக்கட்டும். காலு இருக்குல்ல" என்பேன்.

என் வீட்டுக்காரர் செத்தபோதும் வந்தார். தம்பி தலைமாட்டில் உட்கார்ந்து அழுதார். நான் அவருக்குக் காப்பி கொடுக்கச் சொன்னேன், அதில் குறை வைக்கவில்லை. ஆனால் வேலைக்காரி கையில்தான் கொடுத்தனுப்பினேன்.

போன தவக்காலம், இப்போது பூசை வைக்கிறாரே இந்தச் சின்னச் சாமியார், இவர் புதிதாக வந்திருந்தார். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். ஓலையிலிருந்து ஆரம்பித்து, பங்களா, மீன், பின் பெஞ்சு வரைக்கும். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா, இவ்வளவு நேரம் உங்க மதினியோட பாவத்தச் சொல்லிட்டீங்க. உங்களோடத எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?" என்றார். என் மகள் வயதுகூட இருக்காது. மீசை சரியாக முளைக்கவில்லை. ஏதோ கோபம், எரிச்சல், பூசையில் பராக்கு என்று சொன்னேன். பாவப் பொறுத்தல் கொடுத்தார். அபராதம் என்ன கொடுத்தார் தெரியுமா? பத்து அருள்நிறை மந்திரம் கொடுப்பார் என்று பார்த்தால், "வர்ற ஞாயிறு சமாதானம் சொல்லும்போது ஒரே ஒரு தடவை பின்னால திரும்புங்க. அவ்வளவுதான்" என்றார்.

அபராதம் என்றால் தீர்த்துத்தான் ஆக வேண்டும். எனக்குப் பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்பது பேச்சில்லை. அந்த ஞாயிறு போனேன். திரும்புவது என்று முடிவு செய்துதான் போனேன், நம்புங்கள். அவர் மூஞ்சியைப் பார்க்காமல் தோளைப் பார்த்துக் கும்பிட்டுவிட வேண்டும் என்று வீட்டிலேயே யோசித்து வைத்திருந்தேன். சாமியார் சமாதானம் சொல்லச் சொன்னார். நான் மூக்கைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

வாசம் இல்லை.

கொஞ்சம் பொறுத்துத் திரும்பினேன். பெஞ்சு காலி. ஒரு ஜெபமாலைகூட இல்லை அதில். மதினிக்கு முடியாமல் முந்தின நாள்தான் படுத்துவிட்டாராம். இத்தனை வருஷம் நிழல் மாதிரி நின்றவர், நான் திரும்புகிற ஒரு நாளில் இல்லை. வேண்டுமென்றே செய்தாரோ என்றுகூட எனக்கு ஒரு கணம் தோன்றியது. யாரைப் பார்த்துக் கையைக் கூப்புவது? அபராதம் அப்படியே நிற்கிறது.

நான் நன்மை வாங்குவதில்லை இப்போது. எல்லாரும் வரிசையில் போகும்போது முட்டுவலி என்று பெஞ்சிலேயே இருந்துவிடுவேன். அபராதம் தீர்க்காமல் நற்கருணையை நாக்கில் வாங்க எனக்கு என்ன துணிச்சல்? சின்னச் சாமியாரிடம் போய் வேறு அபராதம் கொடுங்கள் என்று கேட்கலாம். கேட்கலாம்தான். அவர் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னால்?

மதினி படுத்த இடத்துக்கு நான் போகாமல் இல்லை. ஆள் விட்டார், போனேன். பிளேவியா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மதினி கிழித்துப் போட்ட துணி மாதிரி கிடந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டை நனைத்துக்கொண்டார்.

"மன்னிச்சிரு மார்சலின்."

இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை. ஆனாலும் நான் மறக்கவில்லை, ஒப்பாரி வேறு, பாவசங்கீர்த்தனம் வேறு.

"எதுக்கு?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் மெல்ல முகத்தைத் திருப்பி இவளைப் பார்த்தார். இவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மதினி. பேர் சொல்லுங்க, மன்னிச்சிருதேன்."

வாய் திறந்தது. கிராம்பு நாக்கில் தெரிந்தது. மூடிக்கொண்டது. கண்ணையும் மூடிக்கொண்டார். அவ்வளவு பிடிவாதம், சாகப்போகிற நேரத்திலும். நான் எழுந்து வந்துவிட்டேன். குருத்து ஞாயிறுக்குள் ஆள் இல்லை.

இப்போது உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன், வெளியில் சொல்லாதீர்கள், எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பார்கள். அடக்கம் முடிந்த பிறகு, ஒவ்வொரு ஞாயிறும், அந்த நேரம் வரும்போது, பின்னாலிருந்து கிராம்பு வாசம் வருகிறது. சாமியார் வாயை மூடவும் வாசம் வரவும் சரியாக இருக்கிறது. பக்கத்தில் இருப்பவளிடம், உனக்கு ஏதாவது வாசம் வருதா என்று கேட்டேன். சாம்பிராணி என்றாள். சாம்பிராணிக்கும் கிராம்புக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்? திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். திரும்பவில்லை. யாரும் இல்லாமல் இருந்தால் அது ஒரு மாதிரி. யாராவது இருந்தால் அது வேறு மாதிரி.

இன்றைக்கு என்ன சண்டை என்று சொல்லவே இல்லையே. பிளேவியா மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தவள், பின்னால் அத்தைக்கும் ஒன்று ஏற்றிவிட்டு வந்து, என் முன்னால் முட்டி போட்டாள். தரையில், கல்லில், புதுச் சேலையோடு. "அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள். "அத்தையப் பங்களாவுக்குப் போகச் சொன்னது நான். எனக்கு உங்ககிட்ட பயம். அத்தை காலைப் பிடிச்சு அழுதேன். யார்கிட்டயும், உங்ககிட்ட முக்கியமா, சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன். சாகும்போது நீங்க எதுக்குன்னு கேட்டீங்கள்ல, அத்தை என்னப் பார்த்தாங்க. நான் வாயத் திறந்திருக்கணும். திறக்கல. உங்ககிட்ட மறைச்சதுக்கும், அத்தைய அப்படிச் சாக விட்டதுக்கும் நான் மன்னிப்புக் கேக்கேன்மா."

நான் என்ன சொல்ல? "பொய் சொல்லாத" என்றேன். "செத்தவளக் காப்பாத்த என் முன்னால வந்து நாடகம் போடாத" என்றேன். எழுந்துவிட்டாள். அப்போதுதான் சொன்னாள், நீங்கள் கேட்டீர்களே, அதை.

பொய்தான். பொய்யாகத்தான் இருக்க வேண்டும். உண்மையாக இருந்தால் அந்த மனுஷி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, உன் மகள்தான் போகச் சொன்னாள் என்று! நான் என்ன செய்திருக்கப் போகிறேன்? இவள் முதுகுத் தோலை உரித்திருப்பேன், பள்ளிக்கூட வேலையை விடச் சொல்லி வீட்டில் பூட்டியிருப்பேன், அவ்வளவுதானே? அதற்காகவா இத்தனை வருஷம் என் கொண்டையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்பார் ஒருத்தர்?

பேர் சொல்லித்தான் கேட்டாள் இவள். அதை ஒத்துக்கொள்கிறேன். ஒன்றுவிடாமல், வரிசையாக, சிஸ்டர் எவாஞ்சலின் இருந்திருந்தால் தலையில் கை வைத்து நல்ல பிள்ளை என்று சொல்லியிருப்பார். நான்தான். எனக்கு என்னவோ வாயில் வரவில்லை. வாயில் வேறு என்னவோ வந்தது.

நானே பேசிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் உங்கள் பேரைக்கூடச் சொல்லவில்லை. யாருக்கு ஏற்ற வந்தீர்கள்? புருஷனா? மெழுகுவத்தி வேண்டுமா, என்னிடம் பொட்டலம் இருக்கிறது. என்ன, ஒரு ம்கூட இல்லை.

பரலோக மந்திரம் ஆரம்பித்துவிட்டார்கள். மைக் இப்போது மட்டும் நன்றாகக் கேட்கிறது பாருங்கள். பிளேவியா அதோ நிற்கிறாள், தனியாக, யாரோ ஒரு கல்லறையில் சாய்ந்துகொண்டு. என் பக்கம் பார்க்கவில்லை.

பல்வலியா உங்களுக்கு?

இல்லை, கேட்டேன். கிராம்பு வாசம் அடிக்கிறது. காற்று பின்னாலிருந்துதான் வீசுகிறது, அதுதான். பக்கத்தில் யாராவது போட்டு மெல்லுகிறார்களா? பார்த்துச் சொல்லுங்கள். நான் திரும்ப முடியாது. மெழுகுவத்தி.

சொல்லிவிட்டார். கேட்டீர்களா, சமாதானம் சொல்லுங்கள் என்கிறார். வரிசை வரிசையாக எல்லாரும் திரும்புகிறார்கள். இவர்களுக்கெல்லாம் எவ்வளவு சுலபமாகக் கழுத்து திரும்புகிறது.

அபராதம் என்னுடையதுதான், நான்தான் திரும்ப வேண்டும், தெரியும். திரும்புகிறேன். ஒரு நிமிஷம் கொடுங்கள். அதற்கு முன்னால் அன்றைக்குச் சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்கள் மதினி. அதே வார்த்தையைச் சொன்னால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம். பேர் சொல்ல வேண்டாம். இந்தத் தடவை எதுக்கு என்று கேட்க மாட்டேன்.

சொல்லுங்கள். மெழுகுவத்தி அணைந்தாலும் பரவாயில்லை, கையை எடுத்துவிட்டேன்.

மதினி, சொல்லுங்கள்.